சனிக்கிழமை ஆட்டத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?
அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஒளிபரப்பு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர், அங்கேயே குடியேறி ஃபுட்பால் பார்க்கப் பழகிவிட்டவர்கள், ஊடகத் தொழில் படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் கல்லூரி விளையாட்டுச் சேனல்களைப் பற்றி எழுதிக் கேட்டிருந்தார்கள். அவற்றுள் பொதுவான கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். இந்தப் பக்கத்தில் ஃபுட்பால் என்று வருமிடமெல்லாம் அமெரிக்க ஃபுட்பால். கான்ஃபரன்ஸ் என்பது பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட விளையாட்டுக் கூட்டமைப்பு. பள்ளி என்று வந்தாலும் பல்கலைக்கழகம்தான்.

கேள்வி: ஒரு கான்ஃபரன்ஸுக்குச் சொந்தச் சேனல் எதற்கு? விளம்பர வருமானத்துக்காகவா?

பதில்: விளம்பரம் இரண்டாம்பட்சம். சேனலை நிமிர்த்தி வைப்பது கேரியேஜ் கட்டணம். கேபிள் அல்லது சாட்டிலைட் நிறுவனம் ஒவ்வொரு சேனலுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கொடுக்கும் தொகை அது. அந்த வீட்டில் சேனலைப் பார்த்தார்களா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அடிப்படைத் தொகுப்பில் சேனல் இருந்தால், விளையாட்டே பார்க்காத பாட்டியின் பில்லிலும் அதன் பங்கு இருக்கும்.

கணக்குக்காக ஒரு மாநிலத்தில் 30 லட்சம் கேபிள் வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் 1 டாலர் என்றால் ஆண்டுக்கு 3.6 கோடி டாலர். அதே சேனலைக் கான்ஃபரன்ஸின் எல்லைக்கு, அதாவது உறுப்பினர் பல்கலைக்கழகங்கள் இருக்கும் மாநிலங்களுக்கு, வெளியே உள்ள மாநிலத்தில் 10 சென்ட்டுக்கு விற்றால் 36 லட்சம் டாலர்தான் வரும். இனி அதைத் தனியாகக் காசு கட்டி வாங்கும் ஸ்போர்ட்ஸ் தொகுப்புக்குத் தள்ளிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு வீடு வாங்கினால் 3 லட்சம் வீடுகள். பழைய 3.6 கோடியைத் தொட வீட்டுக்கு மாதம் 10 டாலர் வசூலிக்க வேண்டும். ஒரே ஒரு சேனலுக்கு அந்த விலையைக் கொடுப்பவர்கள் குறைவு. ஆகவே சேனல் தொடங்கும்போது நடக்கும் பேரம் முழுவதும் இரண்டே விஷயங்களைப் பற்றியது: எந்தத் தொகுப்பில் வைக்கிறார்கள், எல்லைக்குள் என்ன விலை.

2007 ஆகஸ்ட் 30 அன்று பிக் டென் கான்ஃபரன்ஸின் சேனலான பிக் டென் நெட்வொர்க் தொடங்கியபோது இந்தச் சண்டைதான் நடந்தது. அடிப்படைத் தொகுப்பில் வேண்டும் என்றது கான்ஃபரன்ஸ். ஸ்போர்ட்ஸ் தொகுப்பில்தான் வைப்போம் என்றது பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட். இரண்டு நாள் கழித்து, அந்தச் சேனலின் முதல் ஃபுட்பால் ஒளிபரப்பிலேயே, சொந்த ஊரான ஆன் ஆர்பரில் மிச்சிகன் அணி அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34–32 என்று தோற்றது. நாடே பேசிய அந்த ஆட்டத்தைச் சேனல் வராத வீடுகள் நேரலையில் பார்க்க முடியவில்லை. சந்தாதாரர்கள் போன் போட்டுக் கேட்கும்படி ஒரு சேனலுக்கு இதைவிடப் பெரிய காரணம் அமையாது. அப்படியும் காம்காஸ்டுடன் உடன்பாடு வர 2008 ஜூன் வரை ஆனது.

கேள்வி: ஒளிபரப்பு உரிமை முதலில் யாரிடம் இருந்தது? பல்கலைக்கழகங்கள் தாமாகவே விற்கத் தொடங்கியது எப்போது?

பதில்: 1950களின் தொடக்கத்திலிருந்து 1984 வரை கல்லூரி ஃபுட்பாலின் தொலைக்காட்சி உரிமை கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பிடியில் இருந்தது. அதன் கடைசித் திட்டத்தில் ஓர் அணி இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 6 முறைதான் தொலைக்காட்சியில் வரலாம். அதிலும் நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு 4 முறைதான். அதிகம் காட்டினால் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்பது சொல்லப்பட்ட காரணம்.

ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கமும் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் 1984இல் 7–2 என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. தீர்ப்பின் அடிக்குறிப்பில் வரும் ஒரு தகவல் மொத்தப் பிணக்கையும் விளக்கிவிடும். 1981இல் ஒரு வார இறுதியில் ஓக்லஹோமாவும் தெற்குக் கலிஃபோர்னியாவும் மோதிய ஆட்டம் 200க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒளிபரப்பானது. அதே வாரம் சிட்டாடலும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் மோதிய ஆட்டம் 4 நிலையங்களில் வந்தது. நான்கு பள்ளிகளுக்கும் கிடைத்த தொகை ஒன்றே. பெரிய அணிகள் பொறுமை இழந்த இடம் இதுதான். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து மிச்சிகனைச் சாய்த்தது அந்தச் சிறிய அப்பலாச்சியன் ஸ்டேட்தான் என்பதை நினைத்தால், சிறிய பள்ளிகளுக்குப் பங்கு கொடுத்த பழைய ஏற்பாட்டை முற்றிலும் அநியாயம் என்று தள்ளிவிட முடியவில்லை.

தீர்ப்பு வந்ததும் பெரிய அணிகளுக்குப் பணம் கொட்டவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்ததால் விலை சரிந்தது. சரக்கைக் கட்டாகக் கட்டி விற்க ஓர் அமைப்பு தேவைப்பட்டது. பயண வசதிக்காகவும் பக்கத்து ஊர்ப் போட்டிக்காகவும் இருந்த கான்ஃபரன்ஸ்கள் விற்பனைச் சங்கங்களாக மாறியது அப்போதுதான்.

கேள்வி: மேரிலாண்டும் ரட்கர்ஸும் பிக் டென்னில் எதற்கு? இரண்டும் ஃபுட்பாலில் பெரிய பெயர் பெற்றவை அல்லவே?

பதில்: முதல் பதிலில் உள்ள பெருக்கலை இங்கே பொருத்திப் பாருங்கள். ரட்கர்ஸ் நியூ ஜெர்சியில், நியூ யார்க் தொலைக்காட்சிச் சந்தையின் வாசலில் இருக்கிறது. மேரிலாண்ட் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் பக்கம். இரண்டும் 2014இல் சேர்ந்தவுடன் அந்தப் பகுதிகளின் கேபிள் வீடுகளுக்கு எல்லைக்குள் இருக்கும் விலையைக் கேட்கும் உரிமை பிக் டென் நெட்வொர்க்குக்கு வந்தது. நியூ யார்க்கில் எத்தனை பேர் ரட்கர்ஸ் ஆட்டம் பார்க்கிறார்கள் என்பது அன்று இரண்டாவது கேள்விதான். 1989 முதல் 2020 வரை பிக் டென்னின் கமிஷனராக, அதாவது தலைமை நிர்வாகியாக, இருந்த ஜிம் டெலனி இந்தக் கணக்கை மற்றவர்களுக்கு முன்பே போட்டார்.

கேள்வி: மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12 தன் சேனலை முழுக்க முழுக்கத் தானே வைத்திருந்தது. லாபம் மொத்தமும் அவர்களுக்கே அல்லவா? ஏன் தோற்றது?

பதில்: அதிக வாசகர்கள் கேட்ட கேள்வி இதுதான். சேனலில் 100 சதவீதம் சொந்தம் என்பது கேட்க இனிப்பானது. ஆனால் கேபிள் நிறுவனத்தோடு பேரம் பேச உட்காரும்போது, இந்தச் சேனல் இல்லாவிட்டால் வேறு எதை இழப்பீர்கள் என்று காட்ட ஒரு பொருள் கையில் வேண்டும். தென் மாநிலக் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் சேனல், 2014 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய எஸ்.இ.சி. நெட்வொர்க். அதை நடத்துவது டிஸ்னியின் இஎஸ்பிஎன். இஎஸ்பிஎன் வேண்டும் என்றால் இதையும் எடுத்துக்கொள் என்று அதனால் பேச முடியும். பெரிய கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள் முதல் நாளிலேயே அதை எடுத்துக்கொண்டன. பிக் டென்னுக்குப் பின்னால் ஃபாக்ஸ் நிற்கிறது. பேக்-12 தனியாகப் போய் உட்கார்ந்தது.

2012 ஆகஸ்டில் அது தொடங்கியபோது நாடு தழுவிய சேனல் ஒன்று, வட்டாரச் சேனல்கள் ஆறு, ஆக மொத்தம் ஏழு. ஏழு சேனலுக்கும் நிகழ்ச்சி வேண்டும், ஆள் வேண்டும், கலையகம் சான் பிரான்சிஸ்கோவில். அமெரிக்காவிலேயே அதிக வாடகை கேட்கும் ஊர்களில் ஒன்று. இன்னொரு பக்கம், சுமார் 2 கோடி வீடுகளை வைத்திருந்த சாட்டிலைட் நிறுவனமான டைரக்டிவி கடைசிவரை அந்தச் சேனலை எடுக்கவில்லை. வீடுகள் மட்டுமல்ல, விளையாட்டு பார்க்கக் கூட்டம் கூடும் மதுக்கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் டைரக்டிவி வைத்திருந்தவை. ரசிகர்கள் கூடிப் பார்க்கும் இடத்திலேயே ஆட்டம் தெரியாமல் போனது. வாடகை, சம்பளம், தயாரிப்பு எல்லாம் பெரிய சேனலின் அளவில் இருக்க, வரவு சிறிய சேனலின் அளவில் நின்றது.

நேர மண்டலமும் கைகொடுக்கவில்லை. பசிபிக் நேரம் இரவு 7:30க்குத் தொடங்கும் ஆட்டம் கிழக்குக் கரையில் இரவு 10:30. பாதி நாடு தூங்கப் போன பிறகு நடக்கும் ஆட்டத்துக்குப் பார்வையாளர் எண்ணிக்கை எழாது. எண்ணிக்கை எழாவிட்டால் அடுத்த ஒப்பந்தத்தின் விலையும் எழாது.

ஆனால் கான்ஃபரன்ஸைச் சாய்த்தது சேனலின் நஷ்டம் மட்டும் அல்ல. பெரிய நெட்வொர்க்குகளோடு இருந்த முதன்மை ஒப்பந்தத்தை நேரத்துக்குப் புதுப்பிக்காததுதான் கடைசி அடி. தெற்குக் கலிஃபோர்னியாவும் யு.சி.எல்.ஏ.வும் 2022 ஜூன் 30 அன்று பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. மீதி இருந்தவர்கள் கையெழுத்திடுவதற்குள், அதே சந்தையில் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் முந்திக்கொண்டது. தன் பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கும்போதே, 2022 அக்டோபரில் இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டுடனும் ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலர் என்று முடித்துவிட்டது. இரண்டு நெட்வொர்க்குகளின் பட்ஜெட்டும் அங்கே போன பிறகு பேக்-12இன் மேசையில் மிஞ்சியது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் யோசனை. சந்தாதாரர் எண்ணிக்கை கூடினால் பங்கும் கூடும் என்பது அதன் அமைப்பு. உறுதியான தொகை பக்கத்தில் காத்திருக்கும்போது, சந்தா கூடுமா என்று பார்த்துக்கொண்டிருக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் விரும்பவில்லை. 2023 ஜூலை 27 அன்று கொலராடோ பிக் 12க்குப் போனது. ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கும் போயின. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கால் எனப்படும் கலிஃபோர்னியா பெர்க்லியும் கிழக்குக் கரைக் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.க்குப் போயின. ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் நின்றன. 2024 ஜூன் 30 அன்று சேனல் மூடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய தொழில் பாடம், பேரத்தில் விலையைவிட வரிசை முக்கியம் என்பது. வாங்குபவர்கள் நாலைந்து பேர்தான். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒதுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு. முதலில் போனவர் சராசரி விலை வாங்கினாலும், கடைசியில் போனவருக்கு விலையே இல்லாமல் போகலாம்.

கேள்வி: உரிமை ஒப்படைப்புப் பத்திரம் என்கிறார்களே, அது என்ன? வெளியேறும் கட்டணமும் அதுவும் ஒன்றா?

பதில்: இரண்டும் வேறு. வெளியேறும் கட்டணம் என்பது அபராதம் மாதிரி. தொகையைக் கட்டிவிட்டுப் போகலாம், பேசிக் குறைக்கவும் செய்யலாம். மேரிலாண்ட் போனபோது ஏ.சி.சி. 5.23 கோடி டாலர் கேட்டது. 2014இல் 3.14 கோடியில் சமரசம் ஆனது.

மேரிலாண்ட் கிளம்ப முடிவெடுத்ததைப் பார்த்துப் பயந்து ஏ.சி.சி. 2013இல் எழுதி வாங்கியதுதான் உரிமை ஒப்படைப்புப் பத்திரம். இதன்படி உறுப்பினர் தன் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டு வரை கான்ஃபரன்ஸிடம் ஒப்படைக்கிறார். அவர் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனாலும் அந்த உரிமை பழைய இடத்திலேயே இருக்கும். வீட்டை விட்டுப் போகலாம், நிலப் பத்திரம் பெரியவரிடமே. உரிமை இல்லாத அணியைச் சேர்த்துக்கொண்டு புதிய கான்ஃபரன்ஸ் விற்பதற்கு என்ன இருக்கிறது?

2016இல் ஏ.சி.சி. இதை 2036 வரை நீட்டியது. தனிச் சேனல் தொடங்க இஎஸ்பிஎன் கேட்ட விலை அது. சேனல் 2019 ஆகஸ்ட் 22 அன்று வந்தது. காம்காஸ்ட் வீடுகளுக்கு வந்து சேர 2021 டிசம்பர் ஆனது. அதற்குள் எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் புதிய ஒப்பந்தங்களில் வெகுதூரம் போய்விட்டன. இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் விலை ஏற்றத்துக்கு இடையில் மறுபேச்சு வைக்காவிட்டால் நேரும் கதி இதுதான். ஃபுளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் சமரசம். தொலைக்காட்சி வருவாயில் 60 சதவீதத்தை ஐந்தாண்டுப் பார்வையாளர் எண்ணிக்கைப்படியும் 40 சதவீதத்தைச் சமமாகவும் பிரிப்பார்கள். வெளியேறும் தொகை 2025–26இல் 16.5 கோடி டாலர். அங்கிருந்து ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030–31இல் 7.5 கோடியில் நிற்கும். தொகையைக் கட்டியவர் தன் உரிமைகளையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

எந்தக் கான்ஃபரன்ஸ் எப்போது ஆட்டம் காணும் என்று கேட்டு எழுதியவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வதந்திகளை விட்டுவிட்டுத் தேதிகளைப் பாருங்கள். தெற்குக் கலிஃபோர்னியாவும் யு.சி.எல்.ஏ.வும் கட்டணமின்றிப் போக முடிந்ததற்குக் காரணம், பேக்-12இன் பத்திரமும் தொலைக்காட்சி ஒப்பந்தமும் 2024இல் ஒன்றாக முடிந்தன. டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 பத்திரம் முடிய ஓராண்டு இருக்கும்போதே எஸ்.இ.சி.க்குப் போக, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. இனி வரும் தேதிகள்: பிக் டென்னின் ஒப்பந்தம் 2029–30 பருவத்தோடு முடிகிறது. பிக் 12உடையது 2030–31. ஏ.சி.சி. கட்டணம் தரைதட்டுவதும் அதே ஆண்டு. சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் ஃபுட்பால் பிளேஆஃப் தொடருக்கான இஎஸ்பிஎன் ஒப்பந்தம் 2031–32 வரை. இவ்வளவு கதவுகளும் இரண்டே ஆண்டுக்குள் திறக்கின்றன.

கேள்வி: முடிவு எடுப்பது கமிஷனரா, பயிற்சியாளர்களா?

பதில்: இருவரும் இல்லை. ஓட்டு பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு. புதியவரைச் சேர்க்கச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. ஏ.சி.சி.யில் ஸ்டான்ஃபோர்ட், கால், டெக்சஸ் மாநிலத்தின் எஸ்.எம்.யூ. மூன்றையும் சேர்க்க 15இல் 12 ஓட்டு தேவைப்பட்டது. நான்கு பள்ளிகள் எதிர்த்தன. நார்த் கரோலினா ஸ்டேட் மனம் மாறியதால் 12–3 என்று நிறைவேறியது. ஓர் ஓட்டைத் திருப்பியது, புதியவர்கள் விட்டுக்கொடுத்த பணம். எஸ்.எம்.யூ. ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கு வேண்டாம் என்றது. மற்ற இரண்டும் முதல் ஏழு ஆண்டுக்கு 30 சதவீதப் பங்குக்கு ஒப்புக்கொண்டன. புதிய உறுப்பினருக்காக இஎஸ்பிஎன் கொடுக்கும் முழுத் தொகையில் மிச்சம் பழைய உறுப்பினர்களுக்குப் போகிறது. கமிஷனரின் வேலை இந்த ஏற்பாட்டை வரைந்து, ஓட்டு எண்ணிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே உறுதி செய்து வைப்பது.

கேள்வி: என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஆட்டத்துக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டும். தேதி தெரிகிறது, நேரம் மட்டும் இரண்டு வாரம் முன்புவரை தெரிவதில்லை. ஏன்?

பதில்: ஆட்ட நேரத்தை முடிவு செய்வது பல்கலைக்கழகம் அல்ல, நெட்வொர்க். எந்த அணி நன்றாக ஆடுகிறது என்று பார்த்துவிட்டு, நல்ல ஆட்டத்தை நல்ல நேரத்தில் வைக்கும் உரிமையை அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வழக்கமாக ஆட்டத்துக்கு 12 நாள் முன்பு அறிவிப்பார்கள். சில வாரங்களில் அதையும் தள்ளிப்போட்டு 6 நாள் முன்புதான் அறிவிக்க முடியும் என்ற சலுகையும் உண்டு. அதாவது முந்தைய சனிக்கிழமை ஆட்டங்கள் முடிந்த பிறகு, ஞாயிறன்று.

நீங்கள் செய்யக்கூடியவை: பருவத்தின் முதல் மூன்று வார ஆட்டங்களுக்கும் தேங்க்ஸ்கிவிங் வெள்ளிக்கிழமை போன்ற சிறப்பு நாள் ஆட்டங்களுக்கும் நேரம் பெரும்பாலும் கோடையிலேயே வெளியாகிவிடும். முடிந்தால் அவற்றைத் தேர்ந்தெடுங்கள். எஸ்.இ.சி. பள்ளி என்றால் பருவம் தொடங்குமுன்பே முற்பகல், பிற்பகல், இரவு என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உத்தேச வேளையைச் சொல்கிறார்கள். எந்த வேளை என்று உறுதி சொல்லாத ஆட்டங்களுக்கு மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பிக் டென்னில் கிழக்கு நேரப்படி நண்பகல் என்றால் பெரும்பாலும் ஃபாக்ஸ், 3:30 சி.பி.எஸ்., இரவு 7:30 என்.பி.சி. நண்பகல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். வெள்ளி மாலை போய், ஞாயிறு காலைக்குப் பிறகு கிளம்பும்படி எடுத்தால் நேரம் எப்படி மாறினாலும் பாதகமில்லை. தொலைக்காட்சி ஆட்டம் விளம்பர இடைவெளிகளோடு மூன்றரை மணி நேரத்தை எளிதாகத் தொடும்.

கேள்வி: மகன் வாலிபால் ஆடுகிறான். அந்த ஆட்டங்கள் சேனலில் வருவதில்லை, ஸ்ட்ரீமில்தான் வருகின்றன. படமும் ஒலியும் சில நாள் நன்றாக இருக்கின்றன, சில நாள் மோசம். யார் தயாரிக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகமே. சேனல் தொடங்கும்போது கான்ஃபரன்ஸ்கள் ஒவ்வோர் உறுப்பினரையும் வளாகத்தில் கட்டுப்பாட்டு அறை கட்டச் சொல்கின்றன. அதற்கே பல லட்சம் டாலர் போகும். மைதானங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஃபைபர் இழுத்து அந்த அறைக்குக் கொண்டுவருவார்கள். மைதானத்தில் கேமராவும் மைக்கும் மட்டும். காட்சி மாற்றுவது, ரீப்ளே, எழுத்து வரைகலை எல்லாம் அறையில். இயக்குபவர்களில் பாதிக்கு மேல் மாணவர்கள். இது ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் குறைந்த செலவில் காட்டும் வழி. மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொழிற்பயிற்சி கிடைக்காது என்பதும் உண்மை.

வாலிபாலுக்கு மூன்று அல்லது நான்கு கேமரா போதும்: நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் ஒன்று, இரு முனைகளில் ஒவ்வொன்று, கையில் தூக்கிக்கொண்டு ஒன்று. கெட்டுப்போகும் இடங்கள் பழக்கமானவை. வர்ணனை படத்துக்கு முன்னால் ஓடினால், ஒலி நேராகப் போகிறது, படம் கருவிகளைக் கடந்து தாமதமாக வருகிறது என்று பொருள். ஒலியைச் சில ஃபிரேம் தாமதப்படுத்தினால் சரியாகும். திரையில் ஸ்கோர் தவறினால், ஸ்கோர்போர்டிலிருந்து வரும் டேட்டா கேபிள் அறுந்து, யாரோ கையால் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். படம் சதுரம் சதுரமாக உடைந்தால் அனுப்பும் இணைப்பு போதவில்லை. நொடிக்கு 60 ஃபிரேம் 1080பி படத்துக்கு 6 முதல் 10 மெகாபிட் வேண்டும். அதைப்போல இரு மடங்கு வசதி கையிருப்பில் இருக்க வேண்டும். அரங்கத்தின் வைஃபையில் அனுப்பினால் கூட்டம் நிரம்பியதும் திணறும். தனிக் கம்பி இணைப்புதான் நம்பகமான வழி. உங்கள் வீட்டில் மட்டும் மோசமா, எல்லாருக்குமா என்று பிரித்தறிய, மொபைல் டேட்டாவில் அதே ஸ்ட்ரீமைத் திறந்து பாருங்கள். அங்கும் அதே இடத்தில் உடைந்தால் கோளாறு அரங்கத்தில்.

கேள்வி: சனிக்கிழமை காலையில் திடீரென்று இஎஸ்பிஎன்னும் கான்ஃபரன்ஸ் சேனலும் காணாமல் போய்விடுகின்றன. என்ன செய்வது?

பதில்: உங்கள் நிறுவனத்துக்கும் சேனல் உரிமையாளருக்கும் ஒப்பந்தம் முடிந்து விலை படியவில்லை. இந்த ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் இறுதி போல ஃபுட்பால் தொடங்கும் நேரத்தில் முடிவது தற்செயல் அல்ல. சந்தாதாரரின் கோபம்தான் சேனலின் ஆயுதம். டிஸ்னிக்கும் கேபிள் நிறுவனமான சார்ட்டருக்கும் 2023 ஆகஸ்ட் 31இல் தொடங்கி சுமார் பன்னிரண்டு நாள், டைரக்டிவியோடு 2024 செப்டம்பரில் சுமார் இரண்டு வாரம், யூடியூப் டிவியோடு 2025 அக்டோபர் 30 முதல் சுமார் இரண்டு வாரம் இப்படிச் சேனல்கள் நின்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தீர்வதால் அவசரப்பட்டு ஆண்டுச் சந்தா எதிலும் சேராதீர்கள்.

ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ் நான்கும் சாதாரண ஆன்டெனாவில் இலவசமாக வரும். பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் இவற்றில்தான். கான்ஃபரன்ஸ் சேனல்கள் ஆன்டெனாவில் வராது. எஸ்.இ.சி., ஏ.சி.சி. சேனல்கள் 2025 ஆகஸ்டில் மாதம் 29.99 டாலருக்குத் தொடங்கிய இஎஸ்பிஎன்னின் நேரடி ஸ்ட்ரீமிங் சேவையிலும், பிக் டென் நெட்வொர்க் 19.99 டாலருக்குத் தொடங்கிய ஃபாக்ஸ் ஒன்னிலும் உண்டு. ஒரு மாதம் வாங்கி நிறுத்திக்கொள்ளலாம். சேனல் இருந்தும் வேறு ஆட்டம் ஓடினால், மாற்று எண் ஒன்றில் உங்கள் ஆட்டம் போய்க்கொண்டிருக்கலாம். ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் இருக்கும்போது கூடுதல் தடங்களைத் திறப்பார்கள்.

கேள்வி: நாட்டர் டேம் மட்டும் எப்படி எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் இருக்கிறது?

பதில்: ஃபுட்பாலில் மட்டும்தான் தனி. மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் ஏ.சி.சி.யில் இருக்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்பதால் நாடு முழுவதும் கத்தோலிக்கக் குடும்பங்களில் அதற்குத் தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் உண்டு. அதை வைத்து 1991 முதல் என்.பி.சி.யோடு நேரடி ஒப்பந்தம். வேறு எந்தப் பள்ளியும் அதைப்போல நிலைத்துச் செய்யவில்லை. டெக்சஸ் இஎஸ்பிஎன்னோடு 20 ஆண்டுக்கு 30 கோடி டாலருக்கு லாங்ஹார்ன் நெட்வொர்க் தொடங்கியது. அதைக் கண்ட மனத்தாங்கலும் சேர்ந்துதான் டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012இல் எஸ்.இ.சி.க்குப் போனது. கடைசியில் டெக்சஸும் அங்கேயே போக, 2024இல் அந்தச் சேனல் முடிந்தது.

கேள்வி: கேபிளை எல்லாரும் வெட்டுகிறார்களே, இனி இந்தத் தொழில் எப்படி நடக்கும்?

பதில்: பாட்டியின் ஒரு டாலர் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே வீடுகளின் எண்ணிக்கைக்கு இருந்த மதிப்பு, உண்மையாகப் பார்ப்பவர்களின் எண்ணிக்கைக்கு நகர்ந்துவிட்டது. நேரலை விளையாட்டுக்கு மட்டும் இன்னும் கூட்டம் ஒரே நேரத்தில் கூடுவதால் பெரிய அணிகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. சி.பி.எஸ். ஆண்டுக்கு சுமார் 5.5 கோடி டாலர் கொடுத்த எஸ்.இ.சி. முதன்மை ஆட்டங்களுக்கு டிஸ்னி சுமார் 30 கோடி கொடுக்கிறது. பிக் டென் ஏழு ஆண்டுக்கு 700 கோடிக்கும் மேல் பெறுகிறது. இன்று ஒரு பள்ளியைச் சேர்ப்பதற்கு, அது எந்த நகரத்துக்குப் பக்கம் என்பதைவிட அதன் ஆட்டத்தை எத்தனை லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்றே கேட்கிறார்கள். ரட்கர்ஸ் இன்று விண்ணப்பித்தால் கிடைக்குமா என்பது சந்தேகம்.

செலவும் ஏறியிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு பள்ளிக்கு சுமார் 2.05 கோடி டாலர். பல தலைமுறையாக வர வேண்டிய பங்கு இப்போதாவது ஆடுபவர்களுக்கு வருவது நியாயம். ஆனால் பேக்-12இலிருந்து 30 சதவீதப் பங்குக்குப் போன ஸ்டான்ஃபோர்டுக்கும், எஸ்.இ.சி.யில் முழுப் பங்கு வாங்கும் பள்ளிக்கும் அந்த வரம்பு ஒன்றே. ஸ்டான்ஃபோர்ட் 36 விளையாட்டுகளை நடத்துகிறது. நீச்சல், ஃபென்சிங், படகு என ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பும் அந்த அணிகளுக்கு ஃபுட்பாலின் தொலைக்காட்சிப் பணம் ஒரு பெரிய ஆதாரம். இப்போது கலிஃபோர்னியாவில் படிக்கும் மாணவி கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்காகக் கிழக்குக் கரைக்குப் பறந்து, திங்கள் காலை வகுப்புக்குத் திரும்புகிறாள். மற்ற விளையாட்டுகளைப் பக்கத்து மாநிலக் குழுக்களோடு விட்டுவிட்டு, ஃபுட்பாலை மட்டும் தொலைக்காட்சிக் கணக்குப்படி தனியாகப் பிரிக்கலாம் என்ற யோசனை நிர்வாகிகள் மத்தியில் அடிக்கடி எழுகிறது. அடுத்த ஒப்பந்தங்கள் வருவதற்குள் அதைச் செய்வது நல்லது என்பதே எங்கள் கருத்து. பத்திரங்களில் கையெழுத்து விழுந்த பிறகு இன்னொரு பத்தாண்டு காத்திருக்க வேண்டும்.